தூக்கிச் செல்லும் கைகள்

கடந்த வருடம் என் சாச்சியின் மகளோடு ஓர் அரச அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவளுக்கும் என் வயதுதான். சிறு வயது முதல் சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறாள். அவளது ஆவணமொன்றில் கையொப்பம் இட வேண்டிய அதிகாரி மேல்மாடியில் இருந்தார். கட்டடத்தில் படிக்கட்டைத் தவிர வேறு வழியில்லை. வாசலில் நின்ற இருவர் ஓடி வந்தார்கள். "பயப்படாதீங்க மகள், நாங்க நாற்காலியோட தூக்கிட்டுப் போறோம்" என்றார்கள்.

நல்ல மனிதர்கள். ஆனாலும் அவள் மறுத்துவிட்டாள். அந்நிய ஆண்கள் தன்னைத் தூக்கிச் செல்வதையும், வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் அதை வேடிக்கை பார்ப்பதையும் அவள் விரும்பவில்லை. கையொப்பம் இல்லாமலே திரும்பி வந்தோம். வீட்டில் அவளைப் பிடிவாதக்காரி என்றார்கள். உண்மையைச் சொன்னால், அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கத் தொடங்கிய பிறகுதான், பிடிவாதம் பிடித்தது அவளல்ல, அந்தக் கட்டடமே என்பது எனக்கு விளங்கியது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது நமது அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை. மாற்றுத்திறனாளிகளின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடுகள் செய்வதற்கும் அதே உறுப்புரை இடமளிக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கவே இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களில் இருக்க வேண்டிய அணுகு வசதிகளை 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது.

கலாநிதி அஜித் சீ. எஸ். பெரேராவை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. கிரிக்கெட் நடுவராக இருந்த அவர், ஓடிக்கொண்டிருந்த தன் காரின் மேல் மரம் விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவர் தொடுத்த வழக்கில், 2011 ஏப்ரல் 27 அன்று, புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்களில் அணுகு வசதிகள் இருக்க வேண்டும் என உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஒரு தனி மனிதர் கேட்டார், நாட்டுக்கே கிடைத்தது.

ஆனால் எல்லோராலும் கொழும்புக்குப் போய் வழக்குப் பேச முடியுமா? இங்கேதான் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தேவை வருகிறது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இந்த ஆணைக்குழுவுக்குக் கல்முனை, மட்டக்களப்பு, திருகோணமலை போன்ற இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை. சட்டத்தரணியும் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். பாதிக்கப்பட்டவருக்காக இன்னொருவரும் எழுதலாம். 1996 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் அழைக்கலாம். அடிப்படை உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றம் செல்வதற்கான ஒரு மாதக் கெடுவில் சேர்க்கப்படாது.

ஆணைக்குழுவால் எல்லாம் முடியும் என்று நான் சொல்லவில்லை. அது நீதிமன்றமல்ல. அதனால் பரிந்துரைக்க மட்டுமே முடியும். பரிந்துரையை ஒரு நிறுவனம் அலட்சியம் செய்தால் ஜனாதிபதிக்கு அறிக்கை அனுப்பலாம், அது பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். பற்கள் குறைந்த சட்டம் என்று சிலர் சொல்வது இதனால்தான். அந்த அதிகாரம் கூட்டப்பட வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் இருக்கிற அதிகாரத்தையாவது நாம் பயன்படுத்தினோமா? முறைப்பாடே போகாத இடத்தில், அங்கே குறையே இல்லை என்றுதான் கணக்கு எழுதப்படும்.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமத்துடன் வாழ்கிறார்கள். அவர்களை நாம் கடைத்தெருவில் காண்கிறோமா? கல்யாண வீட்டில், டியூஷன் வகுப்பில் காண்கிறோமா? வீட்டுக்குள்ளேயே இருப்பதால் காணவில்லை. காணாததால் அவர்களுக்கென்று எதையும் கட்டவில்லை. கட்டாததால் அவர்கள் வெளியே வருவதில்லை.

கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் அவருக்கு அதான் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தாம் பயணம் போன வேளைகளில் மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். அவருக்குக் கிடைத்தது பரிதாபமல்ல, சமூகத்தில் ஓர் இடம். நாமோ "பாவம்" என்ற ஒரு சொல்லோடு நம் கடமையை முடித்துக்கொள்கிறோம்.

சென்ற மாதம் அந்த அலுவலகத்துக்கு அவளோடு மீண்டும் போனேன். அதே படிக்கட்டு. இம்முறை வீடு வந்ததும் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுத உட்கார்ந்தோம். எழுதியது நான். "தயவுகூர்ந்து இரக்கம் காட்டி" என்று ஆரம்பித்திருந்தேன். அவள் பேனையை வாங்கி அதை வெட்டிவிட்டு, "சட்டப்படி" என்று எழுதினாள். கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டோம். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. வராவிட்டால் மீண்டும் எழுதுவோம்.

அரச அலுவலகத்தை மட்டும் குறை சொல்லி முடிப்பது நேர்மையாகாது. எங்கள் தமிழ் மன்ற விழாவுக்கு வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மேல்மாடி மண்டபத்துக்குப் போகும் படிகளை நேற்று எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு. இவ்வருட விழாவைக் கீழே, திறந்த வெளியில் நடத்தலாமே, தோழிகளே! அதற்கு எந்த ஆணைக்குழுவின் பரிந்துரையும் தேவையில்லை.