நாள் எண்ணிய பிறகே மனு

“சார், நம்ம ஃபைல் இப்ப எங்க நிக்குது?”

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் குடியுரிமை மனுக்களைக் கையாளும் வழக்கறிஞர்களாகிய நம்மில் எவருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. கேட்பவர் பெரும்பாலும் பதினைந்து இருபது ஆண்டுகள் வெளிநாட்டில் வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கி, இப்போது சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் பொறுப்பேற்று ஊர் திரும்பியவர். வயதான பெற்றோர் தேன்கனிக்கோட்டையிலோ காவேரிப்பட்டணத்திலோ இருப்பார்கள். கையில் ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை உண்டு. ஆனால் அதை வைத்து ஓட்டுப் போட முடியாது. தளிப் பக்கம் ரோஜா வைக்க ஒரு ஏக்கர் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற அன்றே, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி அவருடைய இந்தியக் குடியுரிமை முடிந்துபோனது. பிறந்த மண்ணில் மறுபடி குடிமகனாக மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

ஆட்சியர் 60 நாளில் அறிக்கையோடு மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும், மாநில அரசு 30 நாளில் ஒன்றிய உள்துறைக்கு அனுப்ப வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் குடியுரிமை விதிகள் சொல்கின்றன. கோப்பு டெல்லி போன பிறகு தேதி சொல்ல நம்மால் ஆகாது. மனுவை ஏற்பதும் மறுப்பதும் அரசின் விருப்புரிமை. காரணம் சொல்லத் தேவையில்லை என்று 14-ஆம் பிரிவே சொல்லிவிட்டது. ஒன்றிய அரசு மறுத்தால் 15ஏ பிரிவில் 30 நாளுக்குள் மறுஆய்வு கேட்கலாம். இதையெல்லாம் கட்சிக்காரரிடம் முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். “ஆறு மாசத்துல வந்துடும்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும் பழக்கம் நம் தொழிலுக்கே கேடு.

ஆனால் மனுப் போடுவதற்கு முந்தைய காலம் முழுக்க நம் கையில் இருக்கிறது. அதை நாம் அவசரத்தில் தொலைக்கிறோம்.

5(1)(எஃப்) பிரிவில் மனுப் போடும் முன்னாள் குடிமகனும், ஓ.சி.ஐ. பதிவு ஐந்தாண்டு ஆகி 5(1)(ஜி) பிரிவில் போடுபவரும், மனுத் தேதிக்கு உடனே முந்தைய பன்னிரண்டு மாதம் இந்தியாவில் வழக்கமாக வசித்திருக்க வேண்டும். இடையில் வெளிநாடு போன நாட்களுக்கு 2015 திருத்தம் 5(1ஏ) என்ற சிறு கதவைத் திறந்தது. சிறப்புச் சூழல் இருப்பதாக ஒன்றிய அரசு எழுத்தில் பதிவு செய்தால், பல தவணையாகச் சேர்த்து அதிகபட்சம் 30 நாள் தளர்த்தலாம். இது உரிமையன்று, சலுகை. கேட்டால்தான் கிடைக்கும், காரணத்தோடும் சான்றோடும் கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நம் கட்சிக்காரர் 2023 ஜூன் 10 அன்று வந்து இறங்குகிறார். அக்டோபரில் கம்பெனி வேலையாக 14 நாள் ஜெர்மனி; ஜனவரியில் 11 நாள் ஜப்பான்; ஏப்ரலில் மகளைப் பார்க்க 9 நாள் அமெரிக்கா. ஆண்டு முடிந்தது என்று 2024 ஜூன் நடுவில் மனுப் போட்டால் வெளியே இருந்தது 34 நாள். நான்கு நாள் கூடுதல். அரசே மனம் வைத்தாலும் தளர்த்த முடியாது. இதே மனிதர் வேறெங்கும் போகாமல் அக்டோபர் கடைசி வரை பொறுத்திருந்தால், ஜெர்மனிப் பயணம் பன்னிரண்டு மாதக் கணக்கிலிருந்தே விழுந்துவிடும். மிச்சம் 20 நாள், அதற்குத் தளர்வு கேட்கலாம். நாலரை மாதம் பொறுக்கச் சொல்லும் துணிவு நமக்கு இல்லாததால் கோப்பு வருடக்கணக்கில் அலைந்து திரும்பி வருகிறது. கட்சிக்காரர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். அதற்குள் அவர் அப்பா இல்லாமலும் போகலாம்.

வருமான வரிக்கான 182 நாள் கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்தும் தவறும் அடிக்கடி நடக்கிறது. ஆடிட்டர் ‘நீங்கள் ரெசிடென்ட்’ என்று சொன்னது வரிக்கு மட்டுமே.

இன்னொரு சிக்கல் ஓ.சி.ஐ. அட்டையின் வசதியிலேயே இருக்கிறது. வேலை விசாவில் நீண்ட நாள் தங்கும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவே அவர் இங்கே வசித்ததற்குச் சாட்சி. ஓ.சி.ஐ. வைத்திருப்பவருக்கு அந்தப் பதிவிலிருந்து விலக்கு. ஆகவே அவர் இங்கே வாழ்ந்த ஆண்டுக்கு அரசிடம் தனித் தடயம் குறைவு. நாம்தான் சேர்க்க வேண்டும். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்க நகலும், போர்டிங் பாஸ்களும், மின்கட்டண ரசீதும், சம்பளச் சீட்டும் அவர் வந்து இறங்கிய வாரத்திலிருந்தே ஒரே உறையில் சேரட்டும்.

நம் பகுதிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது வேறு மாநிலம். வேலை ஓசூரில், குடும்பம் சந்தாபுராவில், வண்டி கே.ஏ. 51, கம்பெனி எடுத்துக் கொடுத்த வாடகை வீடு மத்திகிரியில். மத்திகிரி முகவரியில் கிருஷ்ணகிரி ஆட்சியரிடம் மனுப் போகிறது. விசாரணைக்கு வரும் காவலர் பூட்டிய கதவைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் “அவங்க பெங்களூர்லதான் இருக்காங்க” என்கிறார். அந்த ஒரு வரி அறிக்கையில் ஏறினால் போதும். சட்டம் கேட்பது இந்தியாவில் வசித்ததைத்தான். ஓசூரா பெங்களூரா என்பது பன்னிரண்டு மாதக் கணக்கைக் கெடுக்காது. எந்த மாவட்டம் விசாரிக்க வேண்டும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. உண்மையில் குடும்பம் உறங்கும் வீடு எங்கேயோ அங்கேயே மனுப் போடுங்கள், அது எல்லைக்கு அப்பால் டெபுடி கமிஷனர் அலுவலகமாக இருந்தாலும். நம் கையிலிருந்து ஒரு வழக்கு போகும், போகட்டும். மனு நிலுவையில் இருக்கும்போது வீடு மாறினால் அன்றே எழுதித் தெரிவிப்பதும் நம் வேலை.

இதே மாவட்டத்தில் இன்னொரு காத்திருப்பும் உண்டு. சேலம் ஜில்லா உள்ளிட்ட பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிக் குடும்பங்களின் வழிவந்தவர்களில் 5,25,000 பேரை ஏற்பதாக 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஒப்புக்கொண்டது. கிருஷ்ணகிரி அன்று சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பின் அகதிகளாக ஓடிவந்தவர்களில் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களும் இருந்தார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். முகாமில் கழித்த நாற்பது ஆண்டில் ஒரு நாள்கூடக் கணக்கில் ஏறாது. அப்படிப்பட்டவர்களின் மனுக்களை ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் பெறும் உரிமை உண்டு என்று 2022-இல் அதே கிளை தீர்ப்பளித்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்ற 3-ஆம் பிரிவுதான் அதற்கு அடிப்படை. அப்படிப் பிறந்தவரின் பிள்ளை 2004 டிசம்பர் 3-க்கு முன் இங்கே பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்ற வகையில் அந்தப் பிள்ளைக்கும் வழி திறக்கிறது.

இவர்களுக்கு நாள் எண்ண வேண்டியதில்லை. ஒரு பிறப்புச் சான்றைக் கையில் வாங்கிப் படித்துப் பார்க்கும் வழக்கறிஞர் வேண்டும், அவ்வளவுதான். கிருஷ்ணகிரி மாவட்ட மறுவாழ்வு முகாம்களுக்குப் போய், 1987-க்கு முன் பிறந்தவர்களின் ஆவணங்களைக் கட்டணம் வாங்காமல் பார்த்துத் தர மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கக்கூடியவர்கள் இந்த இதழுக்கு எழுதுங்கள். முகாமுக்குள் போக வாங்க வேண்டிய அனுமதிக்கு நாங்களே மனு எழுதித் தருகிறோம்.