உவர் நிலமும் பயற்றின் வேர்முடிச்சும்

யாழ்ப்பாணக் கடனீரேரியை அடுத்த வயல்களில் விதைத்த பயறு மஞ்சளித்தால், கமக்காரர் பலர் விதையையே பழிப்பர். அது நேரன்று. வேர்முடிச்சுப் பற்றீரியாக்கள் பொதுவாகப் பயிரைவிட உப்பைத் தாங்கவல்லன. ஆயினும் உவர் மண்ணில் வேர்மயிர்கள் குன்றுவதால், அவை வேரினுட் புகுதல் அரிதாகும். முடிச்சுகள் அருகினால் வளியிலுள்ள நைதரசன் பயிருக்குக் கிட்டாது.

பூக்கும் பருவத்தில் செடியொன்றைக் கிண்டியெடுத்து முடிச்சை வெட்டிப் பார்த்தல் வேண்டும். உட்புறம் இளஞ்சிவப்பாயின் அது தொழிற்படுகின்றது. முடிச்சுகள் இன்றேல் மண்ணின் உவரைச் சோதிப்பித்தல் நன்று. யூரியா இடுவதால் உப்பு அகலாது, பணமே விரயமாகும். மாரி மழைநீரை வரம்புகட்டித் தேக்கி, பின்னர் வடியவிட்டு உப்பைக் கழுவிய நிலத்திலேயே பயறு விதைத்தல் தகும். போஞ்சி இன்னும் மென்மையானது. உவர் நிலத்தில் அதனைத் தவிர்த்தலே அறிவுடைமை.

முதலில் உப்பைக் கழுவுக. விதையைக் குறை கூறுவது பின்னர் ஆகட்டும்.