விமான நிலையமும் ஓடை நீரும்

விமான நிலைய விரிவாக்கத்தை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் மக்கள் பெரும்பாலும் நிலத்தையும் இரைச்சலையும் பற்றியே பேசுகின்றனர். இவ்விரண்டுக்கும் விலை நிர்ணயிக்க அரசுகள் கற்றுவிட்டன. நிலத்துக்கு இழப்பீடு, இரைச்சலுக்கு, வசதி படைத்த நாடுகளில், ஒலி புகாத சன்னல். தண்ணீரை முன்வைக்கும் வழக்குகள் மட்டும் இந்தக் கணக்குக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஓடையில் கலப்பது யாருடைய வீட்டுக் கிணற்றில், எந்த ஆண்டில் தோன்றும் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாது என்பதே காரணம்.

இவ்வகை வழக்குகளில் ஆழ்ந்து படிக்கத்தக்கது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில்-டகோமா விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதை குறித்த வழக்கு. அங்கிருந்த இரு ஓடுபாதைகளுக்கும் இடைவெளி 800 அடி மட்டுமே. மேகமும் தூறலும் மிகுந்த அந்த ஊரில், பார்வைத் தெளிவு குறையும் நாள்களில் இரண்டிலும் ஒரே நேரத்தில் விமானங்களை இறக்க இயலாது. எனவே, மேற்கே 8,500 அடி நீளத்தில் மூன்றாவது ஓடுபாதை அமைக்க, விமான நிலையத்தை நடத்தும் சியாட்டில் துறைமுக நிர்வாகம் 1996-இல் முடிவு செய்தது. மேற்கே இருந்ததோ பள்ளம். ஒரு கோடி கன கெஜத்துக்கும் மேற்பட்ட மண்ணைக் கொட்டி அதை மேடாக்க வேண்டும். ஏறத்தாழ 20 ஏக்கர் ஈரநிலம் மூடப்படும். மில்லர், வாக்கர், டெமாயின் எனும் மூன்று சிற்றோடைகளின் நீர்வரத்து அந்த மண்மேட்டின் தயவில் நிற்க வேண்டியதாகும்.

எதிர்த்தவர்கள் யார் என்பதில்தான் இவ்வழக்கின் சிறப்பு இருக்கிறது. பூரியன், டெமாயின், ஃபெடரல் வே, நார்மண்டி பார்க், டக்வில்லா ஆகிய ஐந்து சிறு நகராட்சிகளும் ஹைலைன் பள்ளி மாவட்டமும் ஒரு கூட்டணியாகத் திரண்டு, மக்களின் வரிப்பணத்திலிருந்து வழக்குச் செலவை ஏற்றன. மன்கர் ஓல்சன் 1965-இல் எழுதிய கூட்டுச் செயல்பாடு பற்றிய நூல், பலருக்குச் சிறிதளவு தீங்கு விளைவிக்கும் ஒன்றை எதிர்க்க எவரும் முன்வரமாட்டார் என்று விளக்கியது. இங்கே அந்தத் தடையை உள்ளாட்சி அமைப்புகள் கடந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அமைப்பை எதிர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து அமைப்புகள் வழக்காடுவதை நம் ஊராட்சித் தலைவர்களால் கற்பனை செய்தும் பார்க்க முடியாது.

அவர்களுக்குக் கைகொடுத்தது தூய நீர்ச் சட்டத்தின் 401-ஆவது பிரிவு. ஈரநிலத்தில் மண் கொட்ட மத்திய அரசின் இராணுவப் பொறியாளர் படை அனுமதி தர வேண்டும். ஆனால், தன் நீர்த்தர விதிகள் மீறப்படமாட்டா என மாநில அரசு சான்றளித்தால்தான் அந்த அனுமதி செல்லும். நீரின் அளவும் நீரின் தரமே என்று இதே மாநிலம் தொடர்பான வேறொரு வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1994-இல் ஏற்றிருந்தது. ஓடை வற்றினால் அதன் தரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

மாநிலச் சூழலியல் துறை 2001-இல் சான்றளித்தது. கூட்டணி, மாநில மாசுக் கட்டுப்பாட்டு மேல்முறையீட்டு வாரியத்துக்குச் சென்றது. அங்கே வாதம் ஒரு சொற்றொடரைச் சுற்றியே நடந்தது: 'நியாயமான உறுதி'. நீர்த்தரம் கெடாது என்பதற்கு நியாயமான உறுதி இருந்தால் போதும். முழுமையான நிச்சயம் தேவையில்லை. அப்படியாயின் எங்கிருந்தோ லாரிகளில் வரும் மண் தூயது என்பதை எந்தச் சோதனையால் அறிவது? அதில் மழை ஊறி இறங்கும்போது எந்த உலோகம் கரைந்து வரும்? மழைநீர் நிலத்தில் இறங்காமல் தார்ப்பரப்பில் வழிந்தோடினால் கோடையில் ஓடைக்கு நீர் ஏது? மழைநீரைத் தொட்டிகளில் சேமித்துக் கோடையில் திறந்துவிடுவோம் என்றது துறைமுகம். அதைப் பல்லாண்டுகள் யார் கண்காணிப்பது என்று கேட்டது கூட்டணி.

வாரியம் 2002-இல் சான்றை ரத்து செய்யவில்லை. கூடுதலாக 16 நிபந்தனைகளை விதித்தது. கொட்டப்படும் மண்ணின் தரம் பற்றியவை அவற்றில் முக்கியமானவை. அதன்பிறகு நிகழ்ந்தது, சட்டத்தின் நுணுக்கம் நியாயத்தை எப்படிச் சுருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு. மாநிலம் ஓராண்டுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 401-ஆவது பிரிவு. வாரியத்தின் நிபந்தனைகள் அந்தக் கெடுவுக்குப் பின் வந்தவை. எனவே அவற்றைத் தன் அனுமதியில் சேர்க்கும் கட்டாயம் பொறியாளர் படைக்கு இல்லை என்று 2003-இல் மத்திய மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில உச்சநீதிமன்றம் 2004-இல் வாரியத்தின் ஆணையில் ஒரு பகுதியை ஏற்று, ஒரு பகுதியை மாற்றி, சான்று செல்லும் என்றது. கூட்டணி அத்துடன் போராட்டத்தை முடித்துக்கொண்டது. ஓடுபாதை 2008 நவம்பர் 20 அன்று திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 110 கோடி டாலர்.

இதைத் தோல்வி என்று எழுதுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. ரொனால்டு கோஸின் 1960-ஆம் ஆண்டுக் கட்டுரையை வகுப்பில் நடத்தும்போது, பாதிக்கப்பட்டவரும் பாதிப்பவரும் பேரம் பேசித் தீர்த்துக்கொள்வர் என்ற பகுதி மாணவர்க்கு எளிதில் பிடிபடும். உரிமை யாருடையது என்பது முதலில் தெளிவாக வேண்டும், பேரத்தின் செலவும் குறைவாக இருக்க வேண்டும் என்ற முன்நிபந்தனைகள்தாம் பிடிபடா. சியாட்டிலில் நடந்த சட்டப் போர் அந்தப் பேரத்தின் விலையுயர்ந்த வடிவம். அது திட்டத்தை நிறுத்தவில்லை. ஓடைக்கும் ஒரு செலவுத் தலைப்பை உண்டாக்கியது. வழக்கு இல்லாதிருந்தால் மண் சோதனைக்கும் கோடை நீருக்கும் அத்தனை நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

ஆயினும் எல்லா நிபந்தனைகளுக்கும் ஒரு பொது வரம்பு உண்டு: அறிந்த நஞ்சைத்தான் அவை சோதிக்கும். அப்பகுதியின் நகர ஓடைகளுக்கு முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள், மழைக்குப்பின் முட்டையிடாமலே இறந்துவந்தன. வாகன டயர்களில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உருவாகும் நஞ்சே காரணம் என 2020-இல்தான் ஆய்வாளர் கண்டறிந்தனர். 2002-இல் சாட்சியம் அளித்த வல்லுநர் எவர் பட்டியலிலும் அது இருந்திருக்க முடியாது. விமான நிலையங்களில் பல்லாண்டுகள் பயன்படுத்திய தீயணைப்பு நுரையின் ஃபுளோரின் சேர்மங்களும் அப்படியே. அவற்றுள் இரண்டுக்குக் குடிநீரில் இலட்சம் கோடியில் 4 பங்கு என்ற வரம்பை அமெரிக்கா விதித்தது 2024-இல்.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு, கோவாவின் மோபா. மழைநீரை உறிஞ்சி அடிவாரத்து ஊற்றுகளுக்கு வழங்கும் செம்புரைக்கல் மேட்டுநிலம் அது. 2015-இல் வழங்கிய சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் 2018-இல் ஏற்றது. உச்சநீதிமன்றமோ, விண்ணப்பப் படிவத்தில் முக்கியத் தகவல்கள் விடுபட்டதையும் மதிப்பீட்டுக் குழுவின் மெத்தனத்தையும் சுட்டி, 2019 மார்ச் 29 அன்று அனுமதியை நிறுத்திவைத்தது. 2020 ஜனவரியில், 'நீரி' ஆய்வு நிறுவனத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டு, தடை விலகியது. 2023 ஜனவரி முதல் அங்கே விமானங்கள் இறங்குகின்றன. சியாட்டிலைப் போலவே முடிவு. ஆனால் அங்கே பல நாள் விசாரணையில் வல்லுநர்கள் குறுக்கு விசாரணைக்கு உள்ளாயினர், இங்கே தாள்கள் மட்டுமே பேசின.

பரந்தூரில் 2022 முதல் நடப்பதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். திட்டப் பகுதிக்குள் ஏரிகளும் குளங்களும் அடங்குகின்றன. கம்பன் கால்வாய் அதன் வழியே செல்கிறது. ஏகனாபுரம் கிராம சபை மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. நீரியல் ஆய்வுக்கு அரசு வல்லுநர் குழு அமைத்ததும் உண்மை. ஆனால், சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டால் அதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் செல்ல சட்டம் தரும் அவகாசம் 30 நாள்; தாமதத்தை மன்னித்தால் மேலும் 60 நாள். ஐந்து நகராட்சிகள் ஆண்டுக்கணக்கில் திரட்டிய சான்றை ஒரு கிராமம் மூன்று மாதத்துக்குள் திரட்ட வேண்டும். அதற்கு அடிப்படையான ஏரிநீர், கிணற்றுநீர்த் தரத் தரவை மண்வெட்டி இயந்திரம் வந்தபின் எவராலும் உருவாக்க இயலாது.

எனவே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஏரிகளிலும் சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் பருவந்தோறும் மாதிரி எடுத்து, முடிவுகளை இப்போதே வெளியிட வேண்டும். கட்டுமானத்துக்கு இசைவாணை கோரப்படும்போது, 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-ஆவது பிரிவும் உயிர்பெற வேண்டும். வாரியம் விதிக்கும் நிபந்தனைகளைப் பதிவேட்டில் எழுதி, பாதிக்கப்படும் எவரும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. அந்தப் பதிவேட்டைக் கேட்டு மாவட்ட அலுவலகத்தின் படியேறியவர்கள் எத்தனை பேர்?