பேரெழுத்தும் சிற்றெழுத்தும்

பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பேதம் தமிழெழுத்துக்கு இல்லை. அப்பேதத்தின் பெயரால் தமிழ் மாணவனைக் கணினி தடுமாறச் செய்வது நியாயமாகுமா?

வவுனியா – மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளத்தின் பெயரை ஆங்கிலப் பேரெழுத்தில் தொடங்கும் கோப்பொன்று லினக்ஸ் கணினியில் இருப்பதாகக் கொள்க. மாணவன் கட்டளை வரியிலே சிற்றெழுத்தில் தொடங்கி, எஞ்சியதை நிரப்பித் தரும் ‘டாப்’ விசையை அழுத்துகிறான். 1989இல் வெளிவந்த ‘பாஷ்’ கட்டளை ஓடு, அதன் இயல்பு அமைப்பில், அப்பெயரை நிரப்பித் தருவதில்லை. உள்ள கோப்பு இல்லாததுபோல் ஆகிறது!

இரண்டும் வெவ்வேறு பெயர்களே. துல்லியம் வேண்டாமோ என்பர் சிலர். வேண்டும்; கோப்பைச் சேமிக்குமிடத்தும் நிரலை இயக்குமிடத்தும் வேண்டும். ‘டாப்’ விசையோ தீர்ப்பு வழங்குவதன்று. நினைவூட்டும் துணை மாத்திரமே. ஒத்த பெயர்கள் இரண்டிருப்பின் இரண்டையும் காட்டட்டும், தெரிவு மனிதனுடையது.

பேதம் பாராது நிரப்பும் வசதி பாஷிலேயே உண்டு. ஆயின், அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுத அறிந்தவனுக்கே அது கிட்டும். அறியாதவனுக்கன்றோ உதவி முதலில் வேண்டும்? அறிந்தவன் பெறும் சலுகையாகவன்றி, புதியவனுக்கு முதல் நாளிலேயே கிட்டும் உரிமையாக அவ்வசதி அமைதல் வேண்டும்.