பெட்டியில் பாடமும் விழட்டும்

அரசுப் பள்ளிகளில் புகார் எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. 14417, 1098 என்ற உதவி எண்களும் பிள்ளைகளுக்குத் தெரியும். தொல்லை நேர்ந்தால் சொல்ல வழி வேண்டும், தேவையான ஏற்பாடுதான். ஆனால், ‘பின்ன வகுத்தல் புரியவில்லை, ஐயா’ என்று சொல்ல வழி எங்கே? கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு 2017 முதல் அங்கே மாணவர் திருப்தி ஆய்வு நடத்துகிறது. அது கல்லூரியின் தரப் புள்ளிக்குப் போகிறது. மறுநாள் வகுப்புக்கு வருவதில்லை.

பெற்றோர் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விடும் தருமபுரி மாவட்டத்தில், வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு வகுப்பறையே கதி. ஆசிரியர்களே, பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் பெயரில்லாத அரைத்தாள் கொடுங்கள்: எது புரிந்தது, எது குழம்பியது? ஒரே குழப்பம் பத்துத் தாளில் வந்தால், குறை பிள்ளைகளிடம் இல்லை. மறுநாள் வேறு விதமாக நடத்த வேண்டியதுதான். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் ஆசிரியர்கள் உண்டு; அங்கே இரண்டாம் நாளே எல்லாத் தாளிலும் ‘புரிந்தது’ என்றுதான் வரும்.

இந்தத் தாள்கள் ஆசிரியரைத் தாண்டி அதிகாரிகளின் கோப்புக்குப் போகவே கூடாது. இந்த மாவட்டத்தின் கம்பைநல்லூர் தலைமையாசிரியர்கள் இந்தப் பருவத்திலேயே, ஒரே ஒரு வகுப்பில், கணக்குப் பாடத்தில் தொடங்கிப் பார்க்கட்டும்.