நஞ்சைச் சுவாசித்தவருக்குச் சொல்லாத கடன்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில் மாநில எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர் கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்து முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. சுற்றிலும் மாந்தோப்புகள். நாட்டின் பிற பகுதிகளில் மா பூத்து நிற்கும் காலத்திலேயே முதலமடைக் கனி சந்தைக்கு வந்துவிடும். ஆகவே வடநாட்டு நகரங்களிலும் வளைகுடா நாடுகளிலும் அதற்கு நல்ல விலை. அந்த விலைக்குப் பின்னே நிற்பது மருந்தடி வேலை. பூ விடும் நாள் தொட்டுக் காய் திரளும் வரை அது மீண்டும் மீண்டும் நடக்கிறது. விசைத் தெளிப்பானின் குழாயை அண்ணாந்து பிடித்து நிற்பவரின் முகத்திலேயே, மர உச்சிக்கு ஏறிய துளிப்படலம் திரும்ப இறங்குகிறது. தண்ணீர் சுமந்து வந்து பீப்பாயில் ஊற்றுகிறவரும், அடுத்த நாள் அதே மரத்தடியில் களை பறிக்கிறவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றனர். பருவம் முடிந்ததும் குத்தகைதாரர் கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த தோப்புக்குப் போய்விடுகிறார். கூலிக் கணக்கு அத்துடன் தீர்ந்தது. நஞ்சுக் கணக்கு?

15 ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் தோப்புகளில் யார் தெளித்தார், எதைத் தெளித்தார், எத்தனை பருவம் தெளித்தார் என்பதற்கு அந்தத் தொழிலாளியின் கையில் ஒரு துண்டுக் காகிதமாவது உண்டா? ‘நீ கையாண்டது இன்ன நஞ்சு, அதனால் உன் நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் இன்ன கேடு நேரக்கூடும், இன்ன பரிசோதனை செய்துகொள்’ என்று வேலை கொடுத்தவரோ அரசோ அவரிடம் சொன்னதுண்டா? இக்கட்டுரை எழுப்பும் கேள்வி இது ஒன்றே. கடந்த காலத்தில் நஞ்சைச் சுவாசித்த தொழிலாளருக்கு அதைத் தெரிவிப்பது யாரும் காட்டும் கருணையன்று. அது தீர்க்கப்படாத கடன். அதைத் தீர்க்காதவரை இழப்பீடு, சிகிச்சை, நீதி என்ற சொற்களெல்லாம் பூட்டிய வீட்டுக்கு வெளியே தொங்கும் தோரணங்களே.

மொழியே இங்கு ஏய்ப்புக்குத் துணைபோகிறது. சட்டம் ‘பூச்சிக்கொல்லி’ என்கிறது. தோப்பிலோ தமிழனும் மலையாளியும் ஒருங்கே அதை ‘மருந்து’ என்கின்றனர். கொல்வதற்கென்றே ஆக்கப்பட்ட பொருளுக்கு நோய் தீர்ப்பதன் பெயர். மருந்து என்று நம்பி வாங்கிய பொருள் பற்றி எச்சரிக்கை வேண்டும் என்று எவருக்குத் தோன்றும்? 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், தெளிப்பு வேலையில் ஈடுபடுவோரையும் வேலைக்கு எடுக்குமுன் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்கின்றன. விதி அரை நூற்றாண்டாக இருக்கிறது. தோப்புக்குள் அதைக் கண்டவர் யார்?

எண்டோசல்பான் வரலாறு இதற்குச் சான்று. காசர்கோடு மாவட்டத்தில் கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் மீது 20 ஆண்டுகளுக்கும் மேலாக, 2000ஆம் ஆண்டு வரை, வானிலிருந்து இந்த நஞ்சு பொழியப்பட்டது. ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே 13 அன்று உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2017 ஜனவரி 10 அன்று, பாதிக்கப்பட்டோருக்கு 3 மாதத்துக்குள் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டது. 5 ஆண்டு கழித்து, 2022 மே மாதத்தில் அதே நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, 3,704 பேரில் பணம் பெற்றிருந்தவர் 8 பேர் மட்டுமே. நீதிமன்றப் படியேறியவர்களுக்கு மட்டும் கிடைத்தது. கேரளத்தில் அப்போதிருந்தது இடதுசாரி அரசு என்பதால் இதைச் சொல்லாமல் விடுவது நமக்கு அழகன்று. உழைப்பாளி மக்கள் அரசு என்றால் கண்டிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும்.

காசர்கோட்டில் நிலைமை இவ்வாறென்றால் முதலமடையில் எப்படி இருக்கும்? அங்கே தெளித்தது ஒரே பொதுத்துறை நிறுவனம். எங்கே, எந்த ஆண்டு என்பதற்குச் சான்றுகள் இருந்தன. ஆகவே மருத்துவ முகாம் நடத்திப் பட்டியல் தயாரிக்க முடிந்தது. முதலமடை மாந்தோப்புகளில் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது பற்றியும், இப்பகுதியில் குறைபாடுகளுடன் பிறந்த குழந்தைகள் பற்றியும் பல ஆண்டுகள் செய்திகள் வந்தன. ஆனால் இங்கே நூற்றுக்கணக்கான தோப்பு, ஆண்டுதோறும் மாறும் குத்தகைதாரர், அன்றாடக் கூலி. காரணத்தையும் விளைவையும் இணைக்கும் பதிவேடு இல்லாத இடத்தில் ‘நிரூபியுங்கள்’ என்று கேட்பது எளிது. பதிவேடு வைக்காதவரே அது இல்லாததன் பலனையும் அனுபவிக்கிறார்.

அருகிலுள்ள பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலைக்கெதிரான போராட்டத்தில் கிணறுகள் சாட்சி சொல்லின. நீரை மொண்டு சோதித்தால் நஞ்சு தெரிந்தது. காற்று அவ்வாறு காத்திருப்பதில்லை. சுவாசித்த மறுகணம் அது கலைந்துவிடுகிறது. உடலும் முழுச் சாட்சியாக நிற்பதில்லை. எண்டோசல்பான் இரத்தத்தில் நெடுநாள் தங்காது. பாதரசமும் சில மாதங்களில் இரத்தத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும் பெரும்பாலும் நீங்கிவிடும். அது சிதைத்த நரம்பும் சிறுநீரகமும் மட்டும் எஞ்சும். 10 ஆண்டு கழித்துச் சோதித்துவிட்டு ‘நஞ்சு இல்லை’ என்று சான்றளிப்பது, களவு போன வீட்டில் திருடனைக் காணோம், ஆகவே திருட்டே நடக்கவில்லை என்பதற்கு ஒப்பாகும்.

பொள்ளாச்சி, உடுமலை, பழநி வழியே மலையேறினால் கொடைக்கானல். அங்கே தோப்புக் கூலிகளல்லர், முறையான ஆலைத் தொழிலாளர்களே இதே நிலைக்குத் தள்ளப்பட்டனர். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மூடப்பட்ட வெப்பமானி ஆலை 1980களின் முற்பகுதியில் கொடைக்கானலுக்குப் பெயர்க்கப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசமானது. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும், அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே வேலை செய்தவர்கள், தாங்கள் கையாளும் பொருளின் கேடு தங்களுக்கு விளக்கப்படவில்லை என்று பின்னாளில் கூறினர். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடப்பதை 2001 மார்ச்சில் மக்கள் அம்பலப்படுத்திய பிறகே ஆலை மூடப்பட்டது. தம் உடலில் என்ன நேர்ந்தது என்று கேட்டு முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் சென்றனர். 2016 மார்ச்சில் 591 பேருக்கு உடன்படிக்கை மூலம் ஒரு தொகை கிடைத்தது. தொழிலாளரின் உடல்நலக் கேட்டுக்கு ஆலைவேலை காரணம் என்பதை நிறுவனம் கடைசிவரை ஏற்கவில்லை. ஆலை மூடி 15 ஆண்டு! அதற்குள் இறந்தோர் எந்த உடன்படிக்கையில் கையெழுத்திடுவர்?

சட்டம் இல்லாமலா இது நடந்தது? போபாலில் 1984 டிசம்பர் நள்ளிரவில் மக்கள் மூச்சுத் திணறிச் செத்தபோது, கசிந்தது என்ன, முறிவு என்ன என்று மருத்துவர்களுக்கே முழுமையாகத் தெரியவில்லை. அந்தப் பிணங்களின் மீதுதான் 1987ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் எழுந்தது. அபாயப் பொருளைக் கையாளும் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், தொழிலாளி அதைப் பார்க்கலாம், அவ்வேலையை விட்ட பிறகும் 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் அவருக்கு மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 41சி பிரிவு சொன்னது. கல்நார் ஆலைகள் பற்றிய வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்சநீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்ட நாளிலிருந்து 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் பாதுகாக்க வேண்டும் என்றது. ஓய்வு பெற்ற பின்னும் உடல்நலம் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்றது.

ஆனால் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்தது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையை விட்டவருக்குத் தொழில்நோயின் அறிகுறி 2 ஆண்டுக்குள் தோன்ற வேண்டும். கல்நார் தரும் புற்றுநோய் 20, 30, 40 ஆண்டு உறங்கிக் கிடந்து எழுவது. நோய்க்கு 40 ஆண்டு, உரிமைக்கு 2 ஆண்டு!

இவையும் ஆலைக்கே. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம், பூச்சிக்கொல்லியைக் கையாளும் தொழிலாளிக்கு மருத்துவப் பரிசோதனையும் உடல்நலப் பதிவேடும் உண்டு என்றது. அந்தச் சட்டம் அறிந்த பயிர்கள் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, ஏலம். மாவை அது அறியாது. ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற்று வேறு பயிர்களுக்கும் மாநில அரசு அதை விரிக்கலாம் என்ற வழி சட்டத்திலேயே இருந்தது. முதலமடைக்கு அந்த வழி திறக்கப்படவில்லை. இப்போது மோடி அரசு பழைய சட்டங்களையெல்லாம் 4 தொகுப்புகளுக்குள் திணித்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. மின்விசையுடன் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்ற வரையறையை 20 பேராக உயர்த்தியிருக்கிறது. வரம்புக்கு வெளியே தள்ளப்படும் ஒவ்வொரு பட்டறையும் நாளைய கோவிந்தாபுரம்.

‘இப்போது சொல்லி என்ன பயன்? வீண் பீதிதானே?’ என்று கேட்போர் உண்டு. பயன் பெரிது. கல்தூசி சுவாசித்தவருக்கு வரும் சிலிக்கோசிஸ் நோயைக் காசநோய் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் தவறான மாத்திரை கொடுக்கப்படுவது நாடறிந்த கொடுமை. முன்பு செய்த வேலையை மருத்துவர் அறிந்தால் அது தவிரும். கல்நார் இழையைச் சுவாசித்தவர் புகைப்பதை விட்டால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் குறையும். அவருக்கு அதைச் சொல்லாதிருப்பது பீதியைத் தவிர்ப்பதன்று, பிழைக்கும் வாய்ப்பைப் பறிப்பது. பீதி உண்மையில் யாருக்கு? அமெரிக்காவில் தொழில்நோய் அபாயத்துக்கு உள்ளானவர்களைத் தேடிச் சென்று அறிவிக்க வகை செய்யும் மசோதா 1987இல் கீழவையில் நிறைவேறியது. முதலாளிகளின் எதிர்ப்புக்குப் பிறகு 1988இல் செனட் அவையில் வாக்கெடுப்புக்கே வராமல் மாண்டது. தொழிலாளி கலங்குவார் என்ற கவலை அவர்களுக்கு இல்லை, தொழிலாளி வழக்குத் தொடுப்பார் என்பதே கவலை.

முடியாத காரியமும் அன்று. ராஜஸ்தான் அரசு 2019இல் கொண்டுவந்த கொள்கைப்படி, சிலிக்கோசிஸ் நோயாளி தாமே பதிவு செய்து, மருத்துவச் சான்று பெற்றதும் 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பம் 2 லட்சமும் பெறலாம். எந்தக் குவாரி, எந்த முதலாளி என்று நிரூபித்த பிறகே உதவி என்ற நிபந்தனையை மாநில அரசு நினைத்தால் நீக்க முடியும் என்பதற்கு அது முன்னுதாரணம்.

எல்லைப்புறத்துக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் மருந்தடித்த தமிழ்த் தொழிலாளி, வேலை முடிந்ததும் லயத்தைக் காலி செய்துவிட்டுப் போடிக்கோ கம்பத்துக்கோ திரும்புகிறார். கோவிந்தாபுரம் தோப்புகளில் உழைத்தவர் ஆனைமலையிலோ பொள்ளாச்சியிலோ முதுமையைக் கழிக்கிறார். நஞ்சு ஒரு மாநிலத்தில், நோய் மறு மாநிலத்தில். அறிவிப்பும் எல்லையைத் தாண்ட வேண்டும், தமிழில் வர வேண்டும். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் உரிமை அளிக்கிறது. ரேஷன் அட்டைக்கு மட்டுமன்று, உயிர் காக்கும் செய்திக்கும் அந்த உரிமை பொருந்தும்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. தோப்பு உரிமையாளரும் குத்தகைதாரரும் தெளிக்கும் நஞ்சின் பெயர், நாள், தெளிப்பவர் பெயர் அடங்கிய பதிவேட்டை ஊராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய ஆண்டுகளுக்கு உடனுழைத்தோர் வாக்குமூலமே சான்றாக ஏற்கப்பட வேண்டும். முன்னாள் தொழிலாளருக்குத் தாய்மொழியில் எழுத்து வடிவ அறிவிப்பு தர வேண்டும், எழுத்தறியாதவர் வீட்டுக்கு ஆஷா ஊழியர் சென்று விளக்க வேண்டும். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் வாழ்நாள் முழுவதும் இலவசப் பரிசோதனை வேண்டும். இழப்பீட்டுக்கான காலவரையறை, அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும். பதிவேடு காட்டாத முதலாளி மீதே நிரூபிக்கும் பொறுப்பைச் சுமத்த வேண்டும். தோட்டத் தொழிலாளருக்குரிய பாதுகாப்பு மாந்தோப்புக்கும் விரிய வேண்டும்.

அரசாணை வரும்வரை சங்கம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. விவசாயத் தொழிலாளர் கிளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கட்டும். பெயர், வயது, எந்தத் தோப்பு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, அடித்த மருந்தின் பெயர், புட்டியில் கண்ட முக்கோணத்தின் நிறம், இப்போதுள்ள நோய். வீடுவீடாகக் கேட்டு எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறட்டும். முதலாளி எழுத மறுத்த பதிவேட்டின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.