அன்னாசி கேக்: வீட்டுல செஞ்சா ஹெல்தியா?

1/
தைவான் அன்னாசி கேக்கை வீட்டிலேயே செய்யற வீடியோக்கள்ல என்னை டேக் பண்றீங்க. கேள்வி எல்லாம் ஒண்ணுதான்: "டாக்டர், உள்ள இருக்கறது பழம்தானே, வீட்ல செஞ்சதுதானே, சுகர் இருக்கறவங்க சாப்பிடலாமா?" ஒரு வரியில பதில்: சாப்பிடலாம், ஒண்ணு. ஏன் ஒண்ணுதான், அந்த ஒண்ணும் ஏன் நல்ல ஒண்ணா இருக்கணும்னு விளக்கமா எழுதறேன். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/
முதல்ல ஒரு தெளிவு. இது நம்ம பேக்கரில க்ரீம் தடவி மேல செர்ரி வெச்சுத் தர்ற பைனாப்பிள் கேக் இல்ல. தைவான்ல இதுக்குப் பேரு ஃபெங்லி சு. ஃபெங்லின்னா அன்னாசி, சுன்னா வாயில வெச்சதும் உதிர்ற பதம். வெண்ணெய் மாவு, உள்ள சுண்டக் காய்ச்சின அன்னாசிப் பூரணம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம். அவ்வளவுதான். பூரணம் வெச்ச பிஸ்கட்னு சொன்னா நமக்குச் சட்டுனு புரியும்.

3/
தைவானிய ஹொக்கியன் மொழில அன்னாசிக்கு "ஓங் லாய்"னு பேரு. அதே ஓசைக்கு "செழிப்பு வரட்டும்"னும் ஒரு அர்த்தம் உண்டு. அதனால நிச்சயதார்த்தத்துக்கு அன்னாசிப் பூரணம் வெச்ச பெரிய கேக்கைச் சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கற வழக்கம் வந்துச்சு. ஜப்பான் ஆட்சிக் காலத்துல (1895-1945) அன்னாசித் தோட்டமும் டின்ல அடைக்கற தொழிலும் பெருசா வளர்ந்துச்சு. பின்னாடி கேக் சின்னதாச்சு, பெட்டில போச்சு, ஏர்போர்ட் பரிசாச்சு.

4/
இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்லியே ஆகணும். தைவான் ஆஸ்பத்திரிகள்ல டியூட்டில இருக்கற டாக்டர், நர்ஸ் பலர் அன்னாசியைத் தொட மாட்டாங்க. அன்னாசி கேக்கும் கூடாது. "செழிப்பு வந்துச்சுன்னா" கேஸ் குவிஞ்சுடுமாம்! கடைக்காரருக்கு நல்ல சகுனம், கேஷுவாலிட்டிக்குக் கெட்ட சகுனம். எங்க வார்டுக்கெல்லாம் அன்னாசி வந்துதான் கூட்டம் சேரணும்னு இல்ல, அது வேற விஷயம்.

5/
பூரணத்துக்கு வருவோம். பழைய முறைல அது முழு அன்னாசி கிடையாது. வெண்பூசணியைத் துருவி, பிழிஞ்சு, அன்னாசியோட சேர்த்து, சர்க்கரையும் மால்ட் சிரப்பும் போட்டுக் கிளறுவாங்க. நாம காசி அல்வா கிண்டற அதே பூசணிதான். பழைய அன்னாசி ரகங்கள்ல நாரும் புளிப்பும் ஜாஸ்தி, அதைப் பூசணி மட்டுப்படுத்தும். விலையும் குறையும். 2009 வாக்குல இருந்துதான் பூசணி இல்லாத, புளிப்பான முழு அன்னாசி கேக் பெரிய ஃபேஷன் ஆச்சு.

6/
"பூசணி போட்டா கலப்படம்"னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடில்ல. அது ஒரு சமையல் முறை. பூசணி போட்டுட்டு "100% அன்னாசி"னு விக்கறதுதான் ஏமாத்து வேலை. இன்னொண்ணு, பூசணி போட்டதால சர்க்கரை குறையும்னும் நினைக்காதீங்க. பூசணிக்குச் சொந்த இனிப்பு கிடையாது. அந்த இடத்தை நிரப்ப வெளில இருந்துதான் இனிப்பு போடணும்.

7/
வீட்டுல ஏன் செய்யணும்? இதுக்கு உருப்படியான காரணம் ஒண்ணு இருக்கு: கொழுப்பு. 2014 செப்டம்பர்ல தைவானை உலுக்கின ஒரு விவகாரம். காவ்சியுங் நகரத்துக் கம்பெனி ஒண்ணு, கழிவு எண்ணெயைப் பன்றிக்கொழுப்புல கலந்து வித்தது வெளில வந்துச்சு. அதை வாங்கினது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கரிகள், ஹோட்டல்கள், உணவு நிறுவனங்கள். பிரபலமான கடைகளோட அன்னாசி கேக்கும் அலமாரில இருந்து இறங்குச்சு. அதுவும் பௌர்ணமி விழாவுக்கு எல்லாரும் கேக் பெட்டி பரிசு கொடுக்கற நேரத்துல.

8/
யோசிச்சுப் பாருங்க. அந்தக் கடைக்காரர்ல பலருக்கே தாங்க வாங்கின கொழுப்பு என்னன்னு தெரியாது. அப்போ பெட்டியைப் பிரிச்சுச் சாப்பிடறவருக்கு எப்படித் தெரியும்? கேக், பிஸ்கட், பஃப்ஸ் எல்லாத்துலயும் இதான் சிக்கல். சர்க்கரை நாக்குல தெரிஞ்சுடும். கொழுப்பு என்ன ரகம்னு நாக்குல தெரியாது.

9/
இதுல அரசாங்கம் போடற சட்டம்தான் பெரிய மருந்து. பாதி ஹைட்ரஜனேற்றம் செஞ்ச எண்ணெயை உணவுல சேர்க்கக் கூடாதுன்னு தைவான் 2018 ஜூலைல தடை போட்டுச்சு. நம்ம ஊர்ல எண்ணெய், வனஸ்பதி மாதிரி கொழுப்புகள்ல டிரான்ஸ் ஃபேட் அளவை 2021 ஜனவரில 3 சதவீதம், 2022 ஜனவரில 2 சதவீதம்னு FSSAI, அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., குறைச்சுது. டிரான்ஸ் ஃபேட் கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும், நல்லதைக் குறைக்கும். இதய ரத்தக்குழாய்க்கு நேரடி எதிரி.

10/
அதனால வீட்டுல செஞ்சா வெண்ணெய் போடுங்க. "வெண்ணெய் கொழுப்பாச்சே"ன்னு பயந்து வனஸ்பதியோ விலை மலிவான மார்ஜரினோ வாங்கினீங்கன்னா வீட்டுல செஞ்ச பலனே போச்சு. கடைல பெட்டி வாங்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை: லேபிளைப் படிங்க. பழைய முறை மாவுல பன்றிக்கொழுப்பு இருக்கலாம், முட்டை ரொம்பச் சாதாரணம். சைவம் சாப்பிடறவங்களும் இஸ்லாமிய நண்பர்களும் பார்த்து வாங்கணும்.

11/
இப்போ கசப்பான பகுதி. 12 கேக்குக்குக் கணக்கு: வெண்ணெய் 100 கிராம், மைதா 150, பொடிச்ச சர்க்கரை 30, பால் பவுடர் 20, முட்டை 30. பூரணத்துக்குத் தோல் நீக்கின அன்னாசி 800 கிராம், சர்க்கரை 80. சுண்டினா 250 கிராம்கிட்ட நிக்கும். ஒரு கேக்குக்கு சுமார் 180 கலோரி, சர்க்கரை 16 கிராம், அதாவது ஏறக்குறைய 4 டீஸ்பூன். கொழுப்பு 7-8 கிராம்.

12/
நம்ம பாஷைல: கலோரில 3 இட்லி, மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்துப் பார்த்தா 2 இட்லி. நாலு வாய்ல முடிஞ்சுடும். இட்லின்னா வயிறு "போதும்"னு சொல்லும். இது சொல்லாது. நாலு கேக் சாப்பிட்டா ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல போயிடும், அதுக்கப்புறம் அந்தச் சாப்பாட்டையும் சாப்பிடுவோம்.

13/
"ஆனா பழம் டாக்டர்!" பழம்தான், அடுப்புல ஏத்தறதுக்கு முன்னாடி. 800 கிராம் பழத்துல தண்ணி போனா மிஞ்சறது பெரும்பாலும் சர்க்கரை. வைட்டமின் சி சூட்டுல நிறையக் குறையும். ஜீரணத்துக்கு நல்லதுன்னு சொல்ற ப்ரோமெலின் என்சைம் கொதிச்சா செயலிழந்துடும். (அதனாலதான் பச்சை அன்னாசி போட்டா ஜெலட்டின் உறையாது, டின் அன்னாசி போட்டா உறையும்.) நார்ச்சத்து ஒரு கேக்குக்குக் கொஞ்சம்தான் வரும். பழத்தோட நன்மை வேணும்னா பழத்தையே ரெண்டு துண்டு சாப்பிடுங்க.

14/
"வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் போட்டா?" வாசனை மாறும். ரத்தத்துல ஏறற சர்க்கரை பெருசா மாறாது. அங்க பாரம்பரியமா போடற மால்ட் சிரப்பும் உள்ள போனதும் குளுக்கோஸ்தான். கணையத்துக்குப் பாரம்பரியம் தெரியாது, கிராம் கணக்கு மட்டும்தான் தெரியும்.

15/
அதனால இந்த "ஹெல்தி வெர்ஷன்" வியாபாரம் எனக்குப் பிடிக்கல. கேழ்வரகு மாவு, பேரீச்சம்பழம், வெல்லம், நெய்னு மாத்திச் செஞ்சா அது அன்னாசி கேக்காவும் இருக்காது, சுகர் குறைஞ்ச பண்டமாவும் இருக்காது. ஒரே ஒரு மாற்றம் நடக்கும்: "ஹெல்தி"ங்கற தைரியத்துல ஒண்ணு சாப்பிட வேண்டியவர் அஞ்சு சாப்பிடுவார். அந்தத் தைரியம்தான் ஆபத்து.

16/
மறுபக்கம் "மைதா விஷம், சர்க்கரை விஷம், தொடாதே"ன்னு ஒரு கூட்டம். அதுவும் வேண்டாம். சுகர் வந்த மனுஷனை விசேஷத்துல தனியா உக்கார வெச்சு, எல்லாரும் சாப்பிடறதை வேடிக்கை பார்க்க வெச்சா என்ன நடக்கும்? யாரும் இல்லாதப்போ ஃப்ரிட்ஜைத் திறப்பார். மறைச்சுச் சாப்பிட்டதை டாக்டர்கிட்டயும் சொல்ல மாட்டார். ரிப்போர்ட் மட்டும் சொல்லும்.

17/
சுகர் உள்ளவங்களுக்கு என் யோசனை: ஒண்ணு எடுத்துக்கங்க, அந்த வேளை சோறோ இட்லியோ அதுக்கேத்த மாதிரி குறைச்சுக்கங்க. வெண்ணெய் இருக்கறதால சர்க்கரை மெதுவா, லேட்டா ஏறலாம். ஒரு மணி நேரத்துல டெஸ்ட் பண்ணி "ஏறவே இல்ல"ன்னு அடுத்ததை எடுக்காதீங்க. முக்கியமா, ஸ்வீட் சாப்பிட்டோம்னு நீங்களா ஒரு மாத்திரை கூடப் போடாதீங்க. சில மாத்திரைகள் சுகரை அபாயமான அளவுக்குக் கீழே தள்ளிடும். சுகர் இன்னும் கட்டுப்பாட்டுல வராதவங்க உங்க டாக்டரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

18/
செய்யறவங்களுக்கு: அன்னாசி புளிப்பு, அலுமினிய வாணலி வேண்டாம், எவர்சில்வர் எடுங்க. கடைசி பத்து நிமிஷம் பூரணம் எரிமலை மாதிரி தெறிக்கும். சர்க்கரைப் பாகு தோல்ல ஒட்டிக்கிட்டுச் சுடும், அதனால வெந்நீரைவிட ஆழமான புண்ணாகும். குழந்தைங்களை அடுப்புக்கிட்ட விடாதீங்க. பட்டுட்டா ஓடற குழாய்த் தண்ணில 20 நிமிஷம். டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம்.

19/
கடைசியா என் கருத்து. இந்தப் பண்டத்துக்குள்ளயே ஒரு கட்டுப்பாடு இருக்கு, நாமதான் அதை விட்டுடறோம். சின்ன அளவு, ஒரு கப் சர்க்கரை போடாத டீ, முக்கியமா மத்தவங்களுக்குக் கொடுக்கறதுக்காகச் செய்யறது. அரை நாள் கிளறி 12 செஞ்சா வீட்டுல ஆளுக்கு ஒண்ணு, மிச்சம் பக்கத்து வீட்டுக்கு. "செழிப்பு வரட்டும்"னு சொல்லிக் கொடுக்கற பண்டத்தை நாமளே உக்காந்து காலி பண்ணினா எப்படி?

20/
சுருக்கமா: நல்ல வெண்ணெய், கொஞ்சமா சர்க்கரை, ஒண்ணே ஒண்ணு, மிச்சத்தைப் பங்கு போடுங்க. வீட்டுல செஞ்சதுங்கறது உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கறதுக்கான உத்தரவாதம். எவ்வளவு வேணா சாப்பிடறதுக்கான லைசென்ஸ் கிடையாது. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன். வீட்டுல சுகர் இருக்கறவங்களுக்கு இதை அனுப்பி வைங்க.